நாற்பத்தாறும் பதினொன்றும்

அந்தத் தையல் கூடத்தில் எதை முடிவு செய்தாலும் பொத்தான் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். சம்மதம் என்றால் வெள்ளை, இல்லை என்றால் கறுப்பு. நூல்கண்டு வந்த பழைய தகர டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு பொத்தான் கொடுப்பார்கள். வேண்டியதை டப்பாவிலும் வேண்டாததைப் உதிரிப் பொத்தான்கள் நிறைந்து பக்கத்தில் தொங்கும் துணிப்பையிலும், கையை மூடிக்கொண்டு போட்டுவிட்டு வர வேண்டும். முதலாளி கூடத்தைக் கைவிட்டுப் போய், வேலை பார்த்தவர்களே சேர்ந்து அதைக் கூட்டுறவாக எடுத்து நடத்தத் தொடங்கிய நாள் முதல் இதுதான் வழக்கம். ஆறு வருடமாக யாரும் இதில் ஒரு குறை சொன்னதில்லை. குறை இருந்தவர்கள் பதினொரு பேர்தான், அவர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அந்தத் திங்கட்கிழமை டப்பாவைக் கவிழ்த்தபோது வெள்ளை நாற்பத்தாறு, கறுப்பு பதினொன்று. எண்ணிப் பார்த்ததே வீண் வேலை. கூடத்தில் மொத்தம் ஐம்பத்தேழு பேர், அதில் இஸ்திரிப் பிரிவு பதினொன்று. கறுப்பு யார் போட்டது என்று கண்டுபிடிக்க மூளை தேவையில்லை.

முடிவு இதுதான். இன்னும் ஒன்றரை மாதத்தில் பத்துப் புதுத் தையல் மெஷின்கள் வருகின்றன. அவற்றுக்கு இடம் வேண்டும். ஆகவே, ஜன்னலோரமாக இருக்கும் இஸ்திரி மேஜைகள் எல்லாம் பின்பக்கத்துத் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும். கழிவுத் துணி போட்டு வைத்திருந்த கொட்டகை அது. ஒரே ஒரு கதவு. ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. பதினொரு நீராவிப் பெட்டியும் பாய்லர் குழாயும் அதற்குள் போனால், மனிதர்களும் சட்டையோடு சேர்ந்து வெந்துவிடுவார்கள். வாக்குப் போட்ட நாற்பத்தாறு பேரும் கெட்டவர்கள் இல்லை. அந்தக் கொட்டகைக்குள் அவர்கள் யாரும் நிற்கப் போவதில்லை, அவ்வளவுதான்.

இஸ்திரிப் பிரிவின் மூத்தவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர் விழுந்து பல வருடமாயிற்று. நாற்பத்தெட்டு வயது, இடுப்பில் ஒரு கனத்த துணிப்பட்டை, வலது முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். அவள் தோற்பது இது மூன்றாவது தடவை. முதலில் மின்விசிறிகளைத் தையல் பக்கம் நகர்த்த வாக்கெடுத்தார்கள், பிறகு இஸ்திரிப் பிரிவின் சாப்பாட்டு இடைவேளையைக் குறைக்க. மூன்று தடவையும் அதே பதினொன்று. யாராவது ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டாவது ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பாள். இங்கே எல்லாமே முறைப்படி நடந்தது. வயிற்றெரிச்சலைக் கொட்டக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஆள் ஒருத்தி இருந்தாள், உண்மையில். கூட்டுறவின் தலைவி. பெட்டியக்காவின் கூடப்பிறந்த தங்கை.

இருவரும் ஒரே வீட்டில் மாடியிலும் கீழுமாக இருந்தார்கள். அன்று சாயங்காலம் பெட்டியக்கா படியேறிப் போனபோது தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா எதிரே உட்கார்ந்து தானும் ஒரு துணியை எடுத்து மடித்தாள். தங்கை மடித்ததைவிட அது ஒழுங்காக இருந்தது, அதில் இருவருக்குமே சந்தேகமில்லை.

விதியை மாற்ற வேண்டும் என்றாள் பெட்டியக்கா. ஒரு பிரிவின் இடத்தையோ கருவியையோ தொடுகிற முடிவு என்றால், மொத்தப் பேரில் பாதிக்கு மேல் சம்மதித்தால் மட்டும் போதாது; அந்தப் பிரிவிலும் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். ஐந்து நாற்காலியிலும் தையல்காரர்களே உட்கார்ந்திருக்கக் கூடாது.

தங்கை மடிப்பதை நிறுத்தினாள். அவள் கோபக்காரி இல்லை, யோசித்துப் பேசுகிறவள். அதனால்தான் அவளை எதிர்ப்பது கஷ்டம்.

"அக்கா, முதலாளி இருந்தப்ப என்ன நடந்துச்சு? ஒரே ஆளு வேண்டாம்னா நாம எல்லாரும் வாய மூடிக்கணும். அத மாத்தத்தானே ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு கொண்டுவந்தோம்? இப்ப ஆறு பேரு சேந்து வேண்டாம்னு சொன்னா, மத்த அம்பத்தோரு பேரும் கைய கட்டிட்டு நிக்கணும்ங்கற. அந்த ஆறு பேருக்கும் முதலாளிக்கும் என்ன வித்தியாசம்?"

பெட்டியக்கா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். தங்கை சொன்னதில் ஞாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். முதலாளியின் அறை வாசலில் இருவரும் ஒன்றாக நின்று திட்டு வாங்கிய நாட்களை அவளும் மறக்கவில்லை. சொன்னாள்:

"முதலாளி என்ன செய்யணும்னு சொன்னாரு. நாங்க எங்கள என்ன செய்யக் கூடாதுன்னு சொல்றோம். அதுதான் வித்தியாசம்."

விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று தங்கை நினைவூட்டினாள். முப்பத்தெட்டு வெள்ளை. உன் பதினொன்று போக இருபத்தேழு பேரை என் பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும், இழுத்துப் பார் என்றாள். சவாலாகத்தான் சொன்னாள், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு அவளே தேதியும் குறித்துக் கொடுத்தாள்.

மறுநாள் இஸ்திரிப் பிரிவில் ஒரே கொந்தளிப்பு. அங்கே குண்டூசி என்று ஒருத்தி இருந்தாள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். இந்தத் தொண்டைத்தண்ணி வற்றுகிற வேலையெல்லாம் எதற்கு என்று கேட்டாள் அவள். இஸ்திரி போடாமல் ஒரு சட்டை வெளியே போகாது. பதினொரு பேரும் பெட்டியைக் கீழே வைத்தால் மூன்றாம் நாள் எல்லாரும் காலில் வந்து விழுவார்கள்.

நடந்திருக்கும். பெட்டியக்காவுக்கும் அது தெரியும். இரண்டு நாள் தூக்கம் கெட்டு யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கழுத்தைப் பிடித்து வாங்குவது நம் கை ஓங்கியிருக்கும் வரைக்கும்தான் நிற்கும். நாளைக்கே இஸ்திரிக்கு ஒரு மெஷின் வந்தால் நம்மைத் தேடுகிற நாய் இருக்காது. எழுதி வாங்கினால்தான் நமக்கு நிலைக்கும். குண்டூசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டியக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

அவளிடம் ஒரு பலம் இருந்தது. கூடத்தில் தைக்கிற ஒவ்வொரு சட்டையும் கடைசியில் இஸ்திரி மேஜைக்குத்தான் வரும். காலரைப் புரட்டியதும் இது யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். யாருக்குத் தோள்வலி, யார் வீட்டில் சண்டை, எல்லாம் தையலில் இருக்கும். தையல்காரர்களுக்கோ பக்கத்து மெஷினைத் தாண்டி எதுவும் தெரியாது.

அதனால் அவள் பொதுவாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. தினமும் இடைவேளையில் ஒரு மேஜைக்குப் போனாள். முதலில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் நான்கு பெண்கள். சமீபமாகக் காஜா எல்லாம் அரை நூல் விலகி விழுகிறதே, கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். அதற்காகவே காத்திருந்தவர்கள் போல நான்கு பேரும் கொட்டித் தீர்த்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் இருந்த இரண்டு குழல் விளக்குகளைப் போன வருடம் வாக்கெடுத்துக் காலர் தைக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஐம்பத்து மூன்றுக்கு நான்கு. அந்த ஐம்பத்து மூன்றில் தன் வெள்ளைப் பொத்தானும் ஒன்று என்பது பெட்டியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகப் போயிற்று. அதையும் அவர்களிடமே சொன்னாள். விதியில் இடம், கருவி என்று இருந்ததோடு வெளிச்சம், காற்று என்று இரண்டு சொல் சேர்ந்தது.

அடுத்து துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் ஐந்து பேர். நூல் தூசியைத் தின்று இருமுகிறவர்கள். கதவோரம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அடுத்து பாக்கெட் தைப்பவர்கள், பிறகு சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவர்கள். போகப்போக அவளுக்கு ஒன்று புரிந்தது. நாற்பத்தாறு என்று ஒரு கூட்டமே கிடையாது. நான்கு, ஐந்து, ஏழு என்று சின்னச் சின்னக் கூட்டங்கள்தான். ஒவ்வொன்றும் எப்போதோ ஒருநாள் தோற்றுப்போய் வாயை மூடிக்கொண்டது, மறுநாள் இன்னொரு கூட்டத்தைத் தோற்கடிக்க மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

எல்லாரும் மசியவில்லை. காலர் பெண்கள் பேச்சையே எடுக்கவிடவில்லை. விளக்குப் போய்விடும் என்று பயம். கட்டிங் மாஸ்டர் முகத்தில் அடித்தாற்போல் பேசினார். துணி வெட்டும் பிரிவில் அவரும் இரண்டு உதவியாட்களும் மட்டும்தான். வடக்கு ஜன்னலுக்குக் கீழே நீண்ட மேஜை. அறுபதை நெருங்கும் மனிதர், கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசுவார்.

"பதினோரு பேருக்கு ஒரு சட்டம், நாலு பேருக்கு ஒரு சட்டம்னு போனீங்கன்னா, கடைசியில என் கத்தரிக்கோலும் ஓட்டு கேக்கும். எனக்கு யாரோட பாதுகாப்பும் வேண்டாம்மா. வெட்டத் தெரியும், பொழச்சுக்குவேன்."

கூட்டத்தன்று மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டுப் பேசினார்கள். தங்கை எழுந்து எதிர்த்துப் பேசினாள். இந்த விதி வந்தால் ஒரு மேஜையை நகர்த்த ஒரு மாதம் ஆகும், அவசர ஆர்டர் வந்தால் கூட்டம் போட்டுக்கொண்டிருப்போம், வேறு கூடத்துக்காரன் தைத்து அனுப்பிவிடுவான் என்றாள். ஒரு வார்த்தை பொய் இல்லை. பெட்டியக்காவும் அதை மறுக்கவில்லை. தாமதமாகும்தான் என்றாள், ஆனால் இப்போது சீக்கிரமாக நடக்கிறதே, அது யார் தலையில் நடக்கிறது என்று ஒருதடவை கொட்டகைக்குள் நின்று பார்த்துவிட்டு வந்து பொத்தானைப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். ஏழெட்டுப் பேர் உண்மையாகவே எழுந்து போய் நின்றுவிட்டு, கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

டப்பாவைக் கவிழ்த்தார்கள். வெள்ளை முப்பத்தேழு. கறுப்பு பத்தொன்பது. இரண்டிலும் சேராமல் ஒன்று.

அது கிரீம் நிறம். பொத்தான் பெட்டியில் தவறிக் கலந்து யார் கைக்கோ போயிருக்கிறது. வேறெந்த இடமாக இருந்தாலும் அதை வெள்ளை என்று எண்ணிவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் தையல்காரர்கள். பால் வெள்ளை, முத்து வெள்ளை, பஞ்சு வெள்ளை, சாம்பல் வெள்ளை என்று வெள்ளையிலேயே ஏழு பிரிப்பவர்கள்; கிரீம் நூலில் வெள்ளைச் சட்டை தைத்தவளை அழவைத்து அனுப்புகிறவர்கள். அது வெள்ளையே இல்லை, செல்லாது என்று காலர் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கறுப்பு இல்லையே என்றது காஜா பக்கம். போட்டவரே சொல்லட்டும் என்றால் ரகசிய வாக்கு என்பது போய்விடும். அரைமணி நேரம் வளர்ந்த ஆண்களும் பெண்களும் ஒரு பொத்தானை ஜன்னலுக்கும் விளக்குக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

நிறத்தில் தகராறு வந்தால் கூடத்தில் ஒருவர் சொல்வதுதான் முடிவு. எந்தத் துணி எந்தத் துணியோடு சேரும் என்று ஆறு வருடமாகத் தீர்ப்பு சொல்லி வருகிற கட்டிங் மாஸ்டர். தங்கை பொத்தானை அவர் கையில் கொடுத்தாள். அந்த மனிதர் கறுப்புப் போட்டவர் என்பதில் பெட்டியக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

மாஸ்டர் வடக்கு ஜன்னலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சட்டையில வெச்சா இது வெள்ளை இல்ல, திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். "ஆனா ரெண்டே பொத்தான் குடுத்து எதாவது ஒண்ணு போடுன்னு சொன்னீங்க. கறுப்புக்குப் பதிலா யாரும் இத எடுக்க மாட்டாங்க. வெள்ளைன்னு எழுதுங்க. எனக்கு இந்த விதி பிடிக்கல, அது வேற விஷயம்."

முப்பத்தெட்டு. தங்கை பேனாவை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள், அக்காவைப் பார்க்காமல்.

அந்த வாரமே இஸ்திரிப் பிரிவு தனியாக வாக்கெடுத்துக் கொட்டகையை வேண்டாம் என்றது. குழுவில் பெட்டியக்காவுக்கு ஒரு நாற்காலியும் வந்தது. குண்டூசி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் சரியாகப் பதினொரு நாள் நீடித்தது.

பிறகு மெஷின்கள் வந்தன. வைக்க இடமில்லாமல் பத்து மரப்பெட்டிகளும் நடைபாதையில் வரிசையாக நின்றன. எல்லாரும் பக்கவாட்டில் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். சீருடை ஆர்டர் ஒன்று காத்திருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் மரப்பெட்டியில் இடித்துக்கொண்டு இஸ்திரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளைப் பொத்தான் போட்டவர்களிலேயே சிலர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தங்கை வீட்டில் மாடிப்படி இறங்கும்போதுகூடப் பேசவில்லை. அவள் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது; அந்த மௌனம் வசவைவிட அதிகமாகக் குத்தியது.

பெட்டியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அளவுநாடாவை எடுத்தாள். இரண்டு நாள் தரையை அளந்தாள். பதினொரு மேஜைகளையும் நெருக்கி இரண்டு வரிசையாகப் போட்டால் ஏழு மெஷினுக்கு இடம் வரும். மீதி மூன்றைக் கதவோரம் சமாளிக்கலாம். ஆனால் அப்படி நெருக்கினால் ஆவி தாங்காது. சூட்டை வெளியே இழுக்க ஒரு பெரிய குழாய் வேண்டும். இஸ்திரிப் பக்கத்து ஜன்னல்களில் அதை வைத்தால் ஆவி நேராகப் பக்கத்துக் கட்டடத்துக்குள் போகும், அவர்கள் விடமாட்டார்கள். வைக்கக்கூடிய ஒரே சுவர் வடக்குச் சுவர். குழுவில் சொன்னபோது எல்லார் முகமும் மலர்ந்தது. தங்கை முதல்முறையாகத் தலைநிமிர்ந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

கட்டிங் மாஸ்டர் சிரிக்கவில்லை. குழாய் அவருடைய ஜன்னலில் பாதியை மறைக்கும். நிறம் பார்க்க வேண்டிய வெளிச்சம் அது ஒன்றுதான், விளக்கில் நிறம் பொய் சொல்லும் என்றார். பிறகு உதவியாட்கள் இருவரையும் கூப்பிட்டார். மூன்று பேருமாகக் கலந்து பேசி, வெளிச்சம் என்று விதியில் எழுதியிருப்பதால் கட்டிங் பிரிவுக்குச் சம்மதமில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைவியின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு யாரோட பாதுகாப்பும் வேண்டாம் என்ற அதே மனிதர்.

பெட்டியக்காவுக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஆளுக்காகவும் சேர்த்துத்தானே தெருநாய் மாதிரி மேஜை மேஜையாக அலைந்தேன் என்று தோன்றியது. தங்கை அவளைத் தனியே அழைத்து அறைக்கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நான் தலைவி. இது வெளிச்ச விஷயமே இல்ல, குழாய் விஷயம்னு நான் ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுது. பொதுக்கூட்டத்துக்குப் போயிடும். அம்பத்து நாலு பேரு உன் பக்கம், மூணே பேரு எதிரா. வாழ்க்கையில முதல் தடவ நீ ஜெயிக்கப் போற."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அக்காவுக்கு ஒரு நல்லது செய்ய வழி கிடைத்ததே என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. கதவுக் கண்ணாடி வழியே மரப்பெட்டிகள் தெரிந்தன. அவற்றைத் தாண்டி, நனைந்த ஜாக்கெட்டோடு குண்டூசி நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நாலு. அந்த எண்ணிக்கை எப்படி இருக்கும் என்று பெட்டியக்கா அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்பவே ஆசையாக இருந்தது.

"வேண்டாம்" என்றாள். "கட்டிங் பிரிவு சம்மதிக்கலன்னு எழுது."

"ஆர்டர் போயிடும்க்கா."

"போகாம இருக்க வழி பாக்கறேன். நீ எழுது."

தங்கை எழுதினாள்.

வெளியே இஸ்திரிப் பிரிவின் மற்ற பத்துப் பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் குண்டூசி கையிலிருந்த துணியைத் தரையில் எறிந்தாள்.

"அந்த ஆளுக்கு எதிரா மொத்தக் கூடமும் நம்ம பக்கம் நிக்குது. நீ போயி தடுத்துட்டு வர்ற. இதுக்கா அக்கா ஒன்றர மாசம் அலஞ்ச?"

"இதுக்குத்தான்" என்றாள் பெட்டியக்கா.

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, மரப்பெட்டிகளுக்கு இடையில் பக்கவாட்டாக நடந்து வடக்கு ஜன்னலுக்குப் போனாள். மாஸ்டர் எட்டு மடிப்புத் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, கத்தரிக்கோலைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், நிறம் பாக்க எத்தன அங்குலம் வெளிச்சம் வேணும்? எந்த நேரத்துக்கு எவ்வளவுன்னு காட்டுங்க. மிச்சத்துல குழாய் போகுமான்னு பாப்போம். போகாதுன்னா வேற வழி யோசிக்கறேன்."

அவர் சாக்கட்டியை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் நாடாவின் ஒரு முனையை நீட்டியபடி நின்றாள்.

"காலையில ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி விழும்மா" என்றார். "இன்னைக்கு ஒருநாள்ல சொல்ல முடியாது."

"நாளைக்கும் வர்றேன்."

அவர் நாடாவின் முனையை வாங்கி ஜன்னல் சட்டத்தில் வைத்து அழுத்தினார்.